ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஓட்டு

2024 அக்டோபர் 28, திங்கள். பிலடெல்பியா

இந்த ஊருக்கு வருகிறவர்கள் விரிசல் விட்ட சுதந்திர மணியைப் பார்ப்பார்கள், அரசியல் சாசனம் எழுதப்பட்ட இண்டிபென்டன்ஸ் ஹாலுக்குள் வரிசையில் போய் வருவார்கள், ஒரு சீஸ்ஸ்டேக் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். நானும் மூன்றையும் செய்தேன். ஆனால் ஜனாதிபதித் தேர்தல் நேரத்தில் வந்தவன் நின்று பார்க்க வேண்டியது சிட்டி ஹாலுக்கு வெளியே இருக்கிறது. கோட் அணிந்த ஓர் இளைஞர் கைகளை விரித்தபடி வேகமாக அடி எடுத்து வைக்கும் வெண்கலச் சிலை. எதிரே ஒரு வாக்குப்பெட்டி.

பெயர் ஆக்டேவியஸ் கேட்டோ. பள்ளி ஆசிரியர், பேஸ்பால் ஆட்டக்காரர். குதிரை டிராமில் கறுப்பினத்தவர் ஏறக்கூடாது என்றிருந்ததை எதிர்த்துப் போராடி 1867-ல் சட்டம் வர வைத்தவர்களில் ஒருவர். பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் கறுப்பின ஆண்கள் ஒரு காலத்தில் ஓட்டுப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 1838-ல் மாநில சாசனத்தில் 'வெள்ளையர்' என்று ஒரு சொல்லைச் சேர்த்து அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1870-ல் அமெரிக்க சாசனத்தின் 15-வது திருத்தத்தால் திரும்பக் கிடைத்தது. மறு வருஷம், 1871 அக்டோபர் 10, தேர்தல் நாள். தன் மக்களை ஓட்டுப் போட வைக்க அலைந்துகொண்டிருந்த கேட்டோவை அவர் வீட்டருகிலேயே சுட்டுக் கொன்றார்கள். வயது 32. சுட்டதாக வழக்கு நடந்தவர் விடுதலையாகிவிட்டார். சிலை வைக்க 2017 ஆயிற்று.

அதே சிட்டி ஹாலில் இன்று நீண்ட வரிசை. இந்த மாநிலத்தில் காரணம் சொல்லாமல் தபால் ஓட்டுப் போடலாம் என்று 2019-ல் சட்டம் வந்தது. விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்பிக் காத்திருக்காமல், நேரில் வந்து வாங்கி, ஓரமாக நின்று நிரப்பி, அங்கேயே கொடுத்துவிட்டும் போகலாம். நாளையோடு கெடு முடிகிறது. வரிசையில் இருந்த ஒரு பாட்டி கையில் இரண்டு உறைகளைக் காட்டினார். ஓட்டுச்சீட்டு உள் உறைக்குள், உள் உறை வெளி உறைக்குள். உள் உறை இல்லாமல் போட்டால் ஓட்டு செல்லாது. வெளி உறையில் கையெழுத்தும் தேதியும் இல்லாவிட்டாலும் சிக்கல். அந்தத் தேதி விவகாரம் வருஷக்கணக்காகக் கோர்ட்டில் இழுபடுகிறது. "இதுக்கே ஒரு படிப்பு படிக்கணும்" என்றார். ஓய்வு பெற்ற ஆசிரியையாம்.

இன்னொரு வழக்கும் இன்று இதே ஊரில் போடப்பட்டிருக்கிறது. டிரம்பை ஆதரிக்கும் ஈலான் மஸ்க்கின் அமைப்பு ஒரு மனு வைத்திருக்கிறது. இழுபறி மாநிலங்களில் பதிவு செய்த வாக்காளர்கள் அதில் கையெழுத்துப் போட்டால் தினம் ஒருவருக்கு 10 லட்சம் டாலர். பென்சில்வேனியா வாக்காளர் என்றால் கையெழுத்துக்கே 100 டாலர். இது சட்டவிரோத லாட்டரி என்று மாவட்ட அரசு வழக்கறிஞர் லாரி கிராஸ்னர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். ஓட்டுக்குப் பணம் கொடுப்பது இங்கே மத்திய சட்டப்படி குற்றம். ஆகவே பணம் ஓட்டுக்கு அல்லவாம், கையெழுத்துக்காம். திருமங்கலம் பார்த்த நமக்கு இந்த நுணுக்கம் புரியாதா என்ன.

அக்டோபர் 29, செவ்வாய். ஆலன்டவுன்

வடக்கே ஒன்றரை மணி நேர பஸ். இரும்பும் சிமெண்டும் பட்டும் செய்து வளர்ந்த லீஹை பள்ளத்தாக்கு. ஆலன்டவுனில் இன்று பாதிக்கு மேல் லத்தீனோ மக்கள், அவர்களில் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை நியூயார்க்கில் டிரம்ப் கூட்டத்தில் ஒரு நகைச்சுவைக்காரர் போர்ட்டோ ரிக்கோவை மிதக்கும் குப்பைத் தீவு என்று கிண்டலடித்தார். அடுத்த நாளுக்கு மறுநாள் டிரம்ப் கூட்டம் போட்டிருக்கும் ஊர் எது என்றால், இதுதான். ஹாமில்டன் தெரு முழுக்கப் போலீஸ். அரங்குக்கு வெளியே எதிர்ப்பவர்கள் கையிலும் போர்ட்டோ ரிக்கோ கொடி, ஆதரிப்பவர்கள் கையிலும் அதே கொடி.

கூட்டத்துக்குள் போகவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு சலூனில் முடி வெட்டிக்கொண்டேன். தகவலுக்கு அதைவிட நல்ல இடம் எந்த ஊரிலும் கிடையாது. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் சொன்ன ஒரு விஷயம் மண்டையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. போர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் தீவில் இருக்கும்வரை ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டு இல்லை. விமானம் ஏறி இங்கே வந்து குடியிருந்து பதிவு செய்துகொண்டால் ஓட்டு உண்டு, அதுவும் நாட்டிலேயே எல்லோரும் கெஞ்சிக் கேட்கும் ஓட்டு. "எங்கம்மா அங்கேயே இருக்காங்க. அவங்களை யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. என்னை ஒரு நாளைக்கு எட்டுப் பேர் போன்ல கூப்பிடறான்."

கிண்டலுக்குக் கோபம் இருக்கிறதா என்றேன். இருக்கிறதாம். அதற்காக ஓட்டு மாறுமா என்றதற்கு, கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கடை வாடகையும் முட்டை விலையும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்குச் சொன்னார். டிவியில் காலையிலிருந்து 'இந்த ஒரு ஜோக் பென்சில்வேனியாவைப் புரட்டிப் போடும்' என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். சலூனில் உட்கார்ந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

அக்டோபர் 31, வியாழன். ஈஸ்டன் அருகே

அக்கா வீடு. இந்த வருஷம் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள். வாசலில் கோலம், கோலத்துக்குப் பக்கத்தில் பூசணி, எதிர்வீட்டுப் புல்தரையில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு, அதன் கையில் டிரம்ப் அட்டை. அதற்கு அடுத்த வீட்டில் எதிர் வேட்பாளர் கமலா ஹாரிஸ் அட்டை. நடுவில் வேலி கூட இல்லை.

சாக்லேட் கேட்டு வரும் பிள்ளைகளுக்காக அக்கா கதவைத் திறந்து வைத்திருந்தாள். மூன்று மணிக்கு வந்தது பிள்ளை இல்லை. போனும் கையுமாக ஒரு பெண். அத்தான் பெயரை முழுசாகச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டாள். ஓட்டுப் போடுவீர்களா என்று கேட்கவில்லை. "என்றைக்கு, எத்தனை மணிக்கு, எப்படிப் போகப் போகிறீர்கள்?" என்று கேட்டாள். அத்தான் தலையைச் சொறிந்தார். வேலை முடிந்து பார்ப்பேன் என்றார். அவள் விடவில்லை. செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு வேலை முடியும், வழியில்தானே சாவடி, காலையிலேயே போனால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஏழரை மணி என்று அவர் வாயால் சொல்ல வைத்த பிறகுதான் போனைத் தட்டினாள்.

அந்த போனில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கூச்சமில்லாமல் சொன்னாள். வயது, எந்தக் கட்சியில் பதிவு, எந்தெந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். யாருக்கு என்பது மட்டும் ரகசியம். போட்டாரா இல்லையா என்பது பொது ஆவணம். அத்தான் 2020-ல் போட்டிருக்கிறார், 2022-ல் போடவில்லை. அதனால்தான் அவள் இந்தப் படியேறினாள். தவறாமல் போடும் அக்காவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "நான் இருக்கேன்ல" என்று அக்காவுக்கு லேசான கோபம்.

முறுக்கு கொடுத்தோம். நின்றபடியே சாப்பிட்டாள். நியூயார்க்கிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாளாம், தன்னார்வலர். உங்கள் ஊரில் பிரசாரம் செய்யவில்லையா என்றால், சிரித்துவிட்டு, "அங்கே என் ஓட்டுக்கு வேலை இல்லை, அதனால் இங்கே உங்கள் ஓட்டைத் தேடி வந்தேன்" என்றாள்.

இரவு அத்தான் தபால் பெட்டியிலிருந்து ஒரு கத்தைக் காகிதம் எடுத்து வந்து மேசையில் போட்டார். பாதி அட்டைகளில் பூதாகாரப் படங்கள். ஒன்று மட்டும் படமில்லாமல், அரசுக் கடிதம் போல இருந்தது: நீங்கள் எத்தனை தேர்தலில் ஓட்டுப் போட்டீர்கள், உங்கள் வட்டாரத்துச் சராசரி என்ன, இந்த முறையும் பதிவேட்டைப் பார்ப்போம். இதற்குப் பின்னால் ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. 2006-ல் மிச்சிகன் மாநிலத்து உட்கட்சித் தேர்தலின்போது ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன், கிறிஸ்டோபர் லாரிமர் என்ற மூன்று அரசியல் அறிஞர்கள் பெரிய சோதனை ஒன்று நடத்தினார்கள். சில வீடுகளுக்கு 'ஓட்டுப் போடுவது கடமை' என்று கடிதம். சில வீடுகளுக்கு, அக்கம்பக்கத்தார் யார் யார் ஓட்டுப் போட்டார்கள் என்ற பட்டியலோடு கடிதம், தேர்தல் முடிந்ததும் புதுப் பட்டியல் எல்லோருக்கும் வரும் என்ற எச்சரிக்கையோடு. கடிதமே போகாத வீடுகளில் வாக்குப்பதிவு 29.7 சதவீதம். கடமை என்று சொன்னதால் இரண்டு புள்ளிகூட ஏறவில்லை. பக்கத்து வீட்டுப் பட்டியல் போன இடத்தில் 37.8. கட்சிகள் இந்தப் பாடத்தை நன்றாகவே படித்திருக்கின்றன.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. நம் ஊரில் வாக்காளர் பட்டியலைத் தேர்தல் ஆணையம் தயாரிக்கிறது, வீடு தேடி வந்து சரிபார்க்கிறது. அருணாசலத்தில் ஒற்றை வாக்காளருக்காக மலையேறிப் போய்ச் சாவடி போடுகிறது. இங்கே பதிவு செய்துகொள்வது உங்கள் பொறுப்பு, வீடு மாறினால் மாற்றிக்கொள்வது உங்கள் பொறுப்பு, உறைக்குள் உறை போடுவது உங்கள் பொறுப்பு. 1845-ல் போட்ட சட்டப்படி தேர்தல் செவ்வாய்க்கிழமை. நாடு முழுவதற்கும் விடுமுறையும் கிடையாது. அரசு ஒதுங்கி நிற்கும் அந்த இடத்தில்தான் நியூயார்க் பெண்ணும், கையெழுத்துக்கு 100 டாலரும், மிரட்டல் கடிதமும் வந்து நிற்கின்றன. மக்களுக்கு அக்கறை இல்லை என்று பேசுகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 3, ஞாயிறு. ஈஸ்டன்

விடிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். ஐந்து மணிக்கே இருட்டும் என்பதால் மதியமே கிளம்பி ஊர் சுற்றினேன். ஈஸ்டன் சின்ன ஊர். 1776 ஜூலை 8 அன்று சுதந்திரப் பிரகடனத்தைப் பொதுவில் வாசித்துக் காட்டிய மூன்று ஊர்களில் ஒன்று. மற்றவை பிலடெல்பியா, டிரென்டன். இப்போது நடுச் சதுக்கத்தைச் சுற்றிக் காபிக் கடைகள். பிள்ளைகள் எல்லாம் கிரேயான் கம்பெனியான கிரேயோலாவின் காட்சியகம் நோக்கி ஓடுகிறார்கள்.

இது நார்த்தாம்ப்டன் கவுண்டி. ஒபாமாவுக்கு இரண்டு முறை, 2016-ல் டிரம்புக்கு, 2020-ல் பைடனுக்கு என்று ஜெயிக்கிறவர் பக்கமே சாய்ந்திருக்கிறது. ஆகவே உலகத்துப் பத்திரிகையாளர்கள் எல்லாம் இங்கே. மதியம் சாப்பிட உட்கார்ந்த உணவகத்தில் பக்கத்து மேசையில் ஜெர்மன் டிவிக்காரர்கள், அந்தப் பக்கம் ஒரு ஜப்பானியர். பரிமாறும் பெண்ணுக்குப் பேட்டி கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது. "நாங்க இன்னும் முடிவு பண்ணலன்னு சொன்னாத்தான் கேமராவை ஆன் பண்றாங்க" என்றாள்.

சாப்பிட்டுவிட்டு டெலவேர் ஆற்றுப் பாலத்தில் நடந்து அக்கரைக்குப் போனேன். பழைய இரும்புப் பாலம், சுங்கம் கிடையாது என்பதால் பெயரே ஃப்ரீ பிரிட்ஜ். அக்கரை பிலிப்ஸ்பர்க், நியூஜெர்சி மாநிலம். பத்து நிமிஷ நடைக்குள் தேர்தல் பாதி காணாமல் போய்விட்டது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் தொகுதிக்கு டாம் கீன், சூ ஆல்ட்மன் போட்டியிடும் அட்டைகள் அங்கங்கே இருந்தன. ஜனாதிபதித் தேர்தலுக்கு யாரும் கதவு தட்டுவதில்லை என்றார் ஒரு பெட்ரோல் பங்க்காரர். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பது மாநிலத்துக்கு இத்தனை என்று ஒதுக்கிய எலக்டோரல் ஓட்டுகள்தான். இந்த இரு மாநிலங்களிலும் ஜெயிக்கிறவருக்கே அத்தனையும். நியூஜெர்சிக்கு 14 எலக்டோரல் ஓட்டு. 1988-க்குப் பிறகு குடியரசுக் கட்சி ஜெயித்ததே இல்லை, முடிவு தெரிந்த ஆட்டம். இக்கரையில் 19 ஓட்டு. 2016-ல் 44,292 வாக்கு வித்தியாசத்தில் டிரம்ப் ஜெயித்தார், 2020-ல் 80,555 வித்தியாசத்தில் பைடன். ஐம்பது மாநிலங்களில் ஏழில்தான் சண்டை. மிச்ச மாநிலங்களின் மக்கள் டிவியில் பார்த்துக்கொள்ளலாம்.

1787-ல் பிலடெல்பியாவில் சாசனம் எழுதிய கூட்டத்தில் ஜேம்ஸ் வில்சன் என்ற பென்சில்வேனியாக்காரர் மக்களே நேரடியாக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. நேரடித் தேர்தல் என்றால் ஓட்டில்லாத அடிமைகளை வைத்திருக்கும் தென் மாநிலங்களுக்குச் செல்வாக்கு குறைந்துவிடும் என்பதை, பின்னாளில் ஜனாதிபதியான மாடிசன் அங்கேயே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அடிமை முறை ஒழிந்து 160 வருஷம் ஆகப்போகிறது. எலக்டோரல் ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது.

நவம்பர் 4, திங்கள்

எழுத அதிகமில்லை. ஹாரிஸ் ஆலன்டவுனில், டிரம்ப் பக்கத்து ரெடிங்கில், சாலையெல்லாம் அடைப்பு. ஹாரிஸ் ஜெயிக்கத் துளசேந்திரபுரத்தில் பூஜை நடக்கும் வீடியோவை எனக்கு ஊரிலிருந்து ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள். அக்காவிடம் காட்டினேன். "அவங்க தாத்தா ஊருக்காகவா ஓட்டுப் போடறது" என்றாள். யாருக்குப் போடுவாள் என்று அத்தானுக்கே தெரியாது, அத்தான் யாருக்கு என்று அவளுக்கும் தெரியாது. அந்த வீட்டில் அது ஒரு ஒப்பந்தம்.

மஸ்க் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது: தொடரலாம். கோர்ட்டில் அந்த அமைப்பின் தரப்பு சொன்னது, குலுக்கலே கிடையாது, ஆட்களை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துத்தான் கொடுத்தோம். குலுக்கல் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டவர்களை என்னவென்று சொல்வது.

நவம்பர் 5, செவ்வாய். பெத்லஹேம்

காலை ஏழரை. அத்தான் சொன்ன சொல் தவறவில்லை. சாவடி ஒரு சர்ச் கூடத்தில். வாசலிலிருந்து பத்தடி தள்ளித்தான் மற்றவர்கள் நிற்கலாம் என்பதால் நான் வெளியே நின்றேன். இருபது நிமிஷத்தில் இருவரும் சட்டையில் ஸ்டிக்கரோடு வந்தார்கள். அடையாள அட்டை கேட்கவில்லை. அந்தச் சாவடியில் முதல்முறை போடுகிறவர்கள்தான் காட்ட வேண்டுமாம். கையெழுத்து, பெரிய திரையில் பெயர்களைத் தொடுவது, கண்ணாடிக்குப் பின்னால் அச்சாகும் காகிதத்தைச் சரிபார்ப்பது, அவ்வளவுதான். மை கிடையாது. ஜனாதிபதி, செனட், காங்கிரஸ், அட்டர்னி ஜெனரல், தணிக்கையாளர், பொருளாளர், மாநிலச் சட்டசபை என்று ஒரே திரையில் ஏழு பதவிகள். தணிக்கையாளரை எதை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். அத்தான் காரை ஸ்டார்ட் செய்துவிட்டார்.

அக்கா மகள் கதை வேறு. தெற்கு பெத்லஹேமில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள், முதல் ஓட்டு. மாணவர்கள் போடும் சாவடி, பழைய கிடங்கு ஒன்றைக் கலைக்கூடமாக்கிய கட்டடம். பதினொரு மணிக்கு வரிசையில் நின்றவள் இரண்டு மணிக்குப் போன் செய்தாள்: "மாமா, பாதி தூரம்கூட வரல." ஒரு ஸ்வெட்டரும் தயிர்சாதமும் எடுத்துக்கொண்டு போனேன். வரிசை கட்டடத்தைச் சுற்றி வளைந்து தெருவில் நீண்டிருந்தது. உள்ளே இரண்டே மெஷின்தான் என்று ஒரு பேச்சு. தரையில் உட்கார்ந்து லேப்டாப்பில் கணக்குப் போடுகிறார்கள், ஒருவன் கிடார் வாசிக்கிறான். யாரோ அனுப்பிய பீட்சா பெட்டிகள் கைமாறி வருகின்றன. ஜார்ஜியா மாநிலத்தில் 2021-ல் வந்த சட்டப்படி, சாவடியிலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவருக்கு ஒரு தண்ணீர் பாட்டில் நீட்டினாலே குற்றம். இங்கே என் தயிர்சாதம் தப்பியது.

கொஞ்ச தூரத்தில் பெத்லஹேம் ஸ்டீலின் ஊதுலைகள் துருவேறி நிற்கின்றன. கோல்டன் கேட் பாலத்துக்கு இரும்பு போன ஆலை. 1995-ல் உலை அணைந்தது. இப்போது அந்த வளாகத்தில் கேசினோவும் கச்சேரி மேடையும். அப்பா தாத்தா காலத்தில் ஆலையும் சங்கமும் சேர்ந்து ஓட்டுப் போட அழைத்துப் போகுமாம், வரிசையில் நின்ற உள்ளூர்ப் பையன் சொன்னான். இப்போது அவனை வரவழைத்தது எது என்றேன். யோசித்துவிட்டு, "ரூம்மேட் வந்தான், நானும் வந்தேன்" என்றான். மிச்சிகன் சோதனை பொய்யில்லை.

நிறையப் பேர் கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். நான் பார்த்த வரையில் சிலர்தான் போனார்கள், அதுவும் வகுப்புக்கு. நாலரை மணி வாக்கில் எல்லார் போனிலும் ஒரே செய்தி: பிலடெல்பியாவில் பெரிய அளவில் மோசடி நடப்பதாக டிரம்ப் பதிவு போட்டிருக்கிறார். அங்கே தேர்தல் நடத்தும் ஆணையர்களில் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த சேத் புளூஸ்டைனே அதில் துளியும் உண்மையில்லை என்று மறுத்துவிட்டார். வரிசையில் இதைப் பற்றிப் பெரிய விவாதமில்லை. மெஷின் எத்தனை, வரிசை எவ்வளவு நகர்ந்தது, இதுதான் பேச்சு. எட்டு மணிக்குள் வரிசையில் இருந்தால் எவ்வளவு நேரமானாலும் போடலாம் என்று ஒருவர் கத்திச் சொல்லிக்கொண்டே போனார்.

ஐந்தரைக்கு அவள் வெளியே வந்தாள். ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டதாம். அதற்குத்தான் அழாத குறை.

நவம்பர் 6, புதன்

அதிகாலை 2:24-க்குப் பென்சில்வேனியா டிரம்புக்கு என்று ஏபி செய்தி நிறுவனம் அறிவித்தது. ஐந்தரை வாக்கில் நாட்டு முடிவும் வந்துவிட்டது, டிரம்ப்தான் ஜனாதிபதி. நார்த்தாம்ப்டன் வழக்கம்போல ஜெயிக்கிறவர் பக்கம். 2020-ல் நான்கு நாள் இழுத்தது இந்த முறை ஒரு ராத்திரியில் முடிந்துவிட்டது. பிலடெல்பியா மோசடி பற்றி இன்று ஒரு சத்தமும் இல்லை. ஜெயித்தால் நல்ல தேர்தல், தோற்றால் திருட்டுத் தேர்தல் என்பது எந்த ஊர்க்காரனுக்கும் புதிதல்ல. ஆனால் உலகத்துக்கெல்லாம் ஜனநாயக வகுப்பெடுத்த ஊரில் பாதிப் பேர் எண்ணிக்கையை நம்புவது அவரவர் ஆள் ஜெயித்தாரா என்பதைப் பொறுத்திருக்கிறது என்றால், வரிசையில் ஆறரை மணி நேரம் நின்ற பிள்ளைகளுக்கு அது பெரிய அவமரியாதை.

எதிர்வீட்டு எலும்புக்கூட்டை இறக்கிவிட்டார்கள், அட்டையை இன்னும் எடுக்கவில்லை. மதியம் தெருக்கோடியில் இருக்கும் அம்மா அக்காவைப் பார்க்க வந்தார். நேற்று சர்ச் சாவடிக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர்தான். இந்தப் பதவியை இங்கே 'தேர்தல் நீதிபதி' என்கிறார்கள். நம் ஊர் போல அரசு ஊழியரை நியமிப்பதில்லை, வட்டாரத்து மக்களே நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். காலை ஆறு மணிக்குப் போனவர் வீடு திரும்ப இரவு பத்தரை ஆகியிருக்கிறது. கால் வீங்கியிருந்தது, காபியைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கி வழிந்தார். அடுத்த வருஷம் பதவிக்காலம் முடிகிறதாம். பல வட்டாரங்களில் மனுப் போடவே ஆளில்லை. யாராவது திரையில் பெயரைத் தட்டி எழுதி, ஐந்தாறு ஓட்டில் ஜெயித்துவிடுகிறார்களாம்.

"நீங்க நில்லுங்களேன்" என்று அத்தானைப் பார்த்தார். "பத்துக் கையெழுத்துப் போதும்."

அத்தான், அதற்கென்ன பார்க்கலாம் என்றார். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று அக்கா கேட்டாள். பிப்ரவரியில் மனு வாங்க வேண்டும் என்றார் அந்த அம்மா, பனி கொட்டும், பூட்ஸ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.